டெலியாவின் நெஞ்சுக்கறிக்கு எத்தனை மதிப்பெண்

அலாரம் நாலரைக்கு அடித்தது. எழுந்தேன். பல் துலக்கினேன். பூட்ஸை மாட்டிக்கொண்டேன். புகையடுப்பின் சாம்பல் தட்டைக் கொட்டிவிட்டுக் கரி இரண்டு வாளி, ஹிக்கரி விறகு மூன்று துண்டு போட்டேன். வெப்பமானி இருநூற்றைம்பது ஃபாரன்ஹீட்டைத் தொட்டதும் நெஞ்சுக்கறியை உள்ளே வைத்து மூடினேன். காபி போட்டேன். குடித்தேன். குவளையைக் கழுவிக் கவிழ்த்தேன்.

எனக்குச் சமைக்கத் தெரியாது.

பார்பிக்யூ போட்டியில் ஜெயிக்கும் எண்ணமும் கிடையாது. ஓர் எண்ணைக் கேட்டு வாங்கிப் போக வந்திருந்தேன்.

போன வருஷம் இதே ஜூன் மாதம், இதே எல்டர் ஃபோர்க் கண்காட்சி மைதானத்தில், என் மனைவி டெலியா நடுவர்களுக்கு நான்கு பெட்டி கொடுத்தாள். கோழி, பன்றி விலா, பன்றித் தோள், மாட்டு நெஞ்சுக்கறி. அவள் சமைப்பாள், நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடப்பேன். எங்கள் குடும்பப் பெயர் மேப்ரி, அணியின் பெயர் 'ரெண்டு மேப்ரி'. நெஞ்சுக்கறியை வெட்டி அடுக்கி முடித்ததும், "இதுக்கு மேல நல்லா என்னால முடியாது" என்றாள். ஆறு வருஷத்தில் தன் கறியைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை. முடிவு நாலு மணிக்கு என்றார்கள். ஏழு பத்துக்கு அறிவித்தார்கள். அதற்குள் அவள் எங்கள் கூடாரத்தில், நாற்காலியில் உட்கார்ந்தபடியே இறந்துவிட்டாள். மூளையில் ரத்தக்குழாய் வெடித்தது என்றார் டாக்டர். வயது முப்பத்தொன்று.

அன்றைக்கு அந்தக் கறியை நான் ருசி பார்க்கவில்லை. சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோது யாரோ கூடாரத்தைச் சுத்தம் செய்து மிச்சத்தை எறிந்துவிட்டார்கள். உதவிதான் செய்தார்கள். அந்தக் கறி எப்படி இருந்தது என்று எழுதி வைத்திருக்கும் ஒரே தாள் மத்திய மிசூரிப் புகைக்கறிப் பேரவையிடம் இருந்தது.

கடிதம் எழுதினேன். பதில் வந்தது: மதிப்பெண் தாள் தலைமைச் சமையலரிடம் மட்டும், நேரில் மட்டும் தரப்படும். இறப்புச் சான்றிதழை இணைத்து மறுபடி எழுதினேன். பதில்: ஆழ்ந்த வருத்தங்கள், தலைமைச் சமையலரை மாற்றிக்கொள்ளலாம், இணைப்பில் உள்ள படிவத்தில் விலகும் தலைமைச் சமையலர் கையெழுத்திட வேண்டும். மூன்றாவது கடிதத்தில் ஒரு கெட்ட வார்த்தை எழுதினேன். அதற்குத்தான் உடனே பதில் வந்தது. அதே அணிப் பெயரில் அடுத்த போட்டியில் நான்கு பெட்டியும் கொடுப்பவர், முடிவுக்கு முன் மைதானத்தை விட்டு வெளியேறாத வரைக்கும், 'தொடர் சமையலர்' ஆவார். நிலுவையில் உள்ள தாளைக் கேட்கும் தகுதி அவருக்கு உண்டு.

கேட்கும் தகுதி. பெறும் தகுதி பற்றிக் கடிதத்தில் ஒன்றும் இல்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும். நான் குடிநீர்ப் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறவன். ஒரு கிணற்று நீரின் முடிவு இருபத்துநாலு மணி நேரத்தில் போகாவிட்டால் எனக்கு மெமோ வரும்.

காலை எட்டு மணிக்குச் சமையலர் கூட்டம். பேரவையின் போட்டி ஆணையர் ஹோரஸ் பிளெவின்ஸ் மேடையேறினார். உயர்நிலைப் பள்ளியில் துணைத் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். இரண்டு கையிலும் கடிகாரம் கட்டியிருந்தார். இடக்கைக் கடிகாரம் அணிகளுக்கு, வலக்கைக் கடிகாரம் பேரவைக்கு என்று அவரே சொன்னார்.

"போன வருஷம் ரிசல்ட் லேட்டுன்னு சில பேரு வருத்தப்பட்டீங்க" என்றார். "நாங்க அத ரொம்பக் கவனமா யோசிச்சோம். லேட்டுன்னா என்ன? ஒரு நேரத்த சொல்லிட்டு அதத் தாண்டினாத்தான் லேட்டு. சொன்னதுதான் தப்பு. அதனால இந்த வருஷம் நேரமே சொல்லப் போறதில்ல. இனிமே பேரவை ரிசல்ட் லேட் ஆகவே ஆகாது."

கை தட்டினார்கள். எனக்குப் பக்கத்துக் கூடாரத்துக்காரர் ரோஸ்கோ டின்டல் கையைத் தூக்கினார். அறுபது வயது, அகலமான ஆள், முப்பது மாடு வைத்திருப்பவர்.

"உத்தேசமாவாவது சொல்லுங்க ஹோரஸ். வீட்டுல மாடு பட்டினி கெடக்கும்."

"உத்தேசமா சொன்னா அப்புறம் அதுவும் ஒரு நேரம் ஆயிடும், ரோஸ்கோ."

"அப்ப போன வருஷம் ஏன் லேட்டாச்சு? அதையாவது சொல்லுங்க."

"கமிட்டி போட்டிருக்கோம். அறிக்கை இன்னும் வரல. வந்ததும் தகுந்த நேரத்துல சொல்வோம்."

கடைசியாக மூன்று விதிகளைப் படித்தார். அணிக்கு அணி நேரம் வேறு, பெட்டி ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிட அவகாசம். ஒரு நொடி தாண்டினாலும் தள்ளுபடி. முடிவு அறிவிக்கும்வரை வெளிக்கதவுக்குச் சங்கிலி. அதற்குமுன் வெளியேறும் அணி, போட்டியிலிருந்து விலகிய அணி. இந்த விதிக்கு விலக்கு கிடையாது. "ஏன்னா நம்பிக்கைங்கறது இங்க உக்காந்திருக்கறதுலதான் இருக்கு" என்றார்.

கோழியைப் பன்னிரண்டு மணிக்குக் கொடுத்தேன். தோல் ரப்பராக இருந்தது. விலா பன்னிரண்டரைக்கு. கறிக்கு அடியில் இலை பரப்பி அந்தப் பெட்டியை மூடப்போன நேரத்தில் ரோஸ்கோ ஓடி வந்தார்.

"தம்பி, நில்லு நில்லு! கீரைய பாரு. ஓரம் செவப்பு. செவப்பு லெட்யூஸ் வச்சா கறிய மோந்துகூடப் பாக்க மாட்டானுங்க, அப்படியே தள்ளிடுவானுங்க."

"கறியப் பத்தித்தான போட்டி?"

"யாரு சொன்னா உனக்கு?"

இருவரும் உட்கார்ந்து கத்தரிக்கோலால் இலைகளின் சிவப்பு ஓரத்தை வெட்டினோம். தோள் ஒரு மணிக்குப் போனது. நெஞ்சுக்கறியை வெட்டியபோது ரோஸ்கோ ஒரு துண்டை வாயில் போட்டு வெகுநேரம் மென்றார்.

"செருப்பு" என்றார். "ஆனா நல்ல செருப்பு தம்பி. உழைக்கும்."

பெட்டி வாங்கும் மேசையில் எனக்கு முன்னால் செடேலியா ஊர் அண்ணன் தம்பி இருவர் நின்றார்கள். பிளெவின்ஸ் இடக்கையைப் பார்த்தார்.

"ஒம்போது செகண்டு."

"சார், கூட்டத்துல வழி விடலை சார்! ஒம்போது செகண்டுதான!"

"ஒம்போது செகண்டுங்கறது நேரம் இல்ல தம்பி, ஒழுக்கம். பதினாலு மணி நேரம் சமைச்சவங்களுக்கு ஒம்போது செகண்டு முன்னாடி வரத் தெரியாதா? நேரத்த மதிக்காதவன் கறிய எப்படி நாங்க மதிக்கறது?"

அண்ணன் பெட்டியைத் தரையில் வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்தான். நான் அவனைச் சுற்றிக்கொண்டு போய் என் பெட்டியைக் கொடுத்தேன். ஒன்று முப்பத்துநாலு, என் அவகாசத்தில் ஒரு நிமிடம் மிச்சம். தொடர் சமையலர் ஆனேன். கதவில் சங்கிலி விழுந்தது.

மூன்று மணிக்கு ஒலிபெருக்கி சொன்னது: "முடிவுகள் தயாராகும் நிலையை நோக்கிச் சென்றுகொண்டிருக்கின்றன." நாலு மணிக்கு: "முடிவுகள், தயாராகும் நிலையை நெருங்கும் கட்டத்தை அடைந்துள்ளன." நாலரைக்கு ஒலிபெருக்கி நன்றி மட்டும் சொன்னது.

என்ன நடந்தது என்பது பிறகு எல்லோருக்கும் தெரிந்தது. ஒவ்வொரு பெட்டியையும் ஒரு மேசையின் ஆறு நடுவர்கள் ருசி பார்ப்பார்கள். யாரோ ஒருவர் மனைவியிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கலாம் என்பதால், ஆறில் மிகக் குறைந்த மதிப்பெண்ணைத் தள்ளிவிடுவார்கள். மற்ற ஊர்களில் அதைக் கம்ப்யூட்டர் செய்கிறது. எங்கள் பேரவை கம்ப்யூட்டரை நம்புவதில்லை. மேசைத் தலைவர் தாளிலிருந்து அந்த மதிப்பெண்ணைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து, ஒரு தகரப் பெட்டியில் போட்டுப் பூட்டுவார். மிச்சம் ஐந்தை இரண்டு பேர் இரண்டு அறையில் உட்கார்ந்து பென்சிலால் கூட்டுவார்கள்.

நாலாம் மேசைத் தலைவர் புதியவர். தள்ள வேண்டியது எது என்று அவரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் மிக உயர்ந்த மதிப்பெண்களை வெட்டிவிட்டார். பார்க்க அழகாக இருந்ததால் அவற்றைத்தான் பத்திரப்படுத்தச் சொல்கிறார்கள் என்று நினைத்தாராம்.

தகரப் பெட்டியைத் திறந்தால் தீர்ந்தது. ஆனால் முடிவு அறிவித்த பிறகுதான் தகரப் பெட்டியைத் திறக்கலாம் என்பது விதி. பெட்டியைத் திறக்காமல் முடிவை அறிவிக்க முடியாது. இதை விளக்க பிளெவின்ஸ் மேடைக்கு வந்தார். அவர் முகத்தில் சங்கடமே இல்லை. கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

"இது பேரவையோட பலவீனம் இல்ல. எங்க விதி எவ்வளவு பலமா இருக்குன்னு பாருங்க, நாங்களே நெனச்சாலும் உடைக்க முடியல."

அரை மணி கழித்து ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நாலாம் மேசை நடுவர்கள் மறுபடி ருசி பார்ப்பார்கள். எந்தப் பெட்டி எந்த அணியுடையது என்பது ரகசியம் என்பதால், நாற்பத்திரண்டு அணிகளும் மிச்சக் கறியைக் கொண்டுவர வேண்டும்.

"என்னுத நாய் தின்னுடுச்சு!" என்று கத்தினார் ரோஸ்கோ.

"நாயக் கூட்டிட்டு வந்து எத்தன மார்க்குன்னு கேளுங்கப்பா!" என்றது ஒரு குரல்.

"நாய்க்கு நடுவர் சான்றிதழ் இல்ல" என்றார் பிளெவின்ஸ். சிரிக்காமல்தான் சொன்னார். "விதியப் பாக்கறேன்."

நான் என் செருப்பைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். நடுவர் கூடாரத்தில் ஒரு நடுவர் பெஞ்சில் படுத்திருந்தார். இன்னொருவர் அவருக்கு விசிறினார். படுத்திருந்தவர் கண்ணை மூடியபடி, "அடுத்தது" என்றார்.

மணி ஐந்தே முக்கால். நிலுவைத் தாள் கேட்பவர்கள் டிக்கெட் சாவடிக்கு வரலாம் என்று ஒலிபெருக்கி சொன்னது. நான் ஒருவன்தான் போனேன்.

சாவடிக்குள் பெவ் உட்கார்ந்திருந்தாள். பேரவையின் மதிப்பெண் பதிவாளர். எல்லோரையும் கண்ணு என்பாள். டெலியாவை அவளுக்குப் பிடிக்கும்.

"வந்துட்டியா கண்ணு. எடுத்து வச்சிருக்கேன் பாரு." மேசைமேல் ஒரு நீலக் கவரைத் தட்டிக் காட்டினாள். 'ரெண்டு மேப்ரி' என்று எழுதியிருந்தது. கையை நீட்டினால் எட்டும்.

"குடுங்க பெவ்."

"குடுக்கத்தான போறேன். இத மட்டும் நிரப்பிடலாம்." ஒரு படிவத்தை இழுத்தாள். "முடிவு அறிவிக்கும்போது தலைமைச் சமையலர் மைதானத்துல இருந்தாரா?"

"இறந்துட்டா."

"எனக்குத் தெரியாதா கண்ணு? ரெண்டு நாளு அழுதேன் நான். ஆனா இங்க கட்டம் ரெண்டுதான் இருக்கு. இருந்தார், இல்லை. செத்துட்டாருன்னு கட்டம் இல்ல."

"மைதானத்துலதான் இறந்தா."

பெவ் நிமிர்ந்தாள். முகம் மலர்ந்தது. "அப்ப இருந்தாங்க! பாத்தியா, நான்தான் சொன்னேன்ல, ஒரு வழி இருக்கும்னு." முதல் கட்டத்தில் குறி போட்டாள். சரிபார்ப்பதற்காகக் கதவுப் பதிவேட்டைப் புரட்டினாள். விரல் ஓரிடத்தில் நின்றது.

"ஐயோ."

பதிவேட்டை என் பக்கம் திருப்பினாள். 6:52. ஆம்புலன்ஸ் ஒன்று, வெளியே. ஆட்கள்: ரெண்டு மேப்ரி அணி, இருவர். அனுமதி: பெறவில்லை.

"அறிவிச்சது ஏழு பத்துக்கு" என்றாள். "பதினெட்டு நிமிஷம் முன்னாடி கெளம்பிட்டீங்க கண்ணு."

அந்த வரியை மறுபடி படித்தேன்.

"கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா" என்றாள் பெவ். மனசாரத்தான் சொன்னாள். கண் கலங்கியிருந்தது.

பிளெவின்ஸை வரவழைத்தாள். அவர் பதிவேட்டை நின்றபடியே படித்தார். தொப்பியைக் கழற்றினார். மாட்டிக்கொண்டார்.

"மிஸ்டர் மேப்ரி, தனிப்பட்ட முறையில நான் உங்க பக்கம். ஆனா பிளெவின்ஸ் வேற, பேரவை வேற."

"அவ தானா கெளம்பல."

"அது புரியுது. ஆனா கதவு காரணத்தப் பாக்காது. இன்னைக்கு ஒரு ஆம்புலன்ஸுக்கு விட்டுக்குடுத்தோம்னு வைங்க, நாளைக்கு ஒவ்வொருத்தனும் ஆம்புலன்ஸ்ல கெளம்புவான்."

"மார்க்க சொல்லுங்க. பரிசு வேண்டாம், பேரு வேண்டாம். ஒரு எண்ணு. வாயால சொன்னாப் போதும்."

"விலகின அணியோட தாளத் திறக்கக் கூடாது. கிழிக்கவும் கூடாது. அதுதான் எங்க நேர்மை. பத்திரமா இருக்கும், கவலையே வேண்டாம். நூறு வருஷம் ஆனாலும் இருக்கும்." வலக்கைக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு வெளியே போனார்.

பெவ் கவரைத் தகர அலமாரியில் வைத்துப் பூட்டினாள். பூட்டும்போது என்னைப் பார்க்கவில்லை.

டிரக்குக்குப் போனேன். சாவியைப் போட்டேன். எடுத்தேன். கதவில் சங்கிலி தொங்கியது. கேட்டால் அவிழ்த்துவிடுவார்கள். போனால் இந்த வருஷமும் விலகியவன் ஆவேன். கேட்கும் தகுதியும் போய்விடும். இருந்தால் கேட்கலாம். கேட்டால் கிடைக்காது. இறங்கி வந்து ரோஸ்கோவின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒரு பீரைத் திறந்து கொடுத்தார்.

"போன வருஷம் உன் பொண்டாட்டி என் கூடாரத்துக்கு வந்தா" என்றார். "என் விலாவ மோந்து பாத்துட்டு, 'உப்பு ஜாஸ்தி, பெரியவரே'ன்னா. கடிக்கக்கூட இல்ல. மோந்து பாத்தே சொல்றா. எனக்குக் கோவம் வந்துச்சு. அப்புறம் கடிச்சுப் பாத்தேன். உப்பு ஜாஸ்தி."

"அவ நெஞ்சுக்கறிய சாப்பிட்டீங்களா?"

"கேட்டேன். பெட்டி போன அப்புறம் தரேன்னா. அப்புறம்..." பீரைக் குடித்தார். "நான் சாப்பிடல தம்பி. சாப்பிட்டேன்னு பொய் சொல்லலாம். சொன்னா நீ எத்தன மார்க்குன்னு கேப்ப."

"ஆமா."

"அதான்."

அவருடைய மாடுகளைப் பற்றிக் கொஞ்ச நேரம் பேசினோம். பக்கத்து வீட்டுக்காரனுக்கு போன் செய்து தீனி போடச் சொன்னார். எதிரில் செடேலியா அண்ணன் தம்பி தள்ளுபடியான பெட்டியைத் திறந்து, ஆளுக்கு ஒரு துண்டாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஏழு இருபத்தைந்துக்கு எல்லோரையும் மேடைக்கு அழைத்தார்கள். வெயில் சாய்ந்திருந்தது. பிளெவின்ஸ் மைக்கைத் தட்டினார்.

"எங்களக் குறை சொல்றவங்க சொல்லட்டும். போன வருஷத்தவிட இந்த வருஷம் பதினஞ்சு நிமிஷம்தான் கூட. அதுவும் ரெண்டு தடவ ருசி பாத்து. முடிவுகளுக்கு முன்னாடி ஒரு சின்ன நிகழ்ச்சி."

மேசைமேல் மூடியிருந்த துணியை எடுத்தார். பித்தளைப் பன்றி ஒன்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. யாரும் யோசித்து அப்படிச் செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

"டெலியா மேப்ரி நினைவுப் பொறுமைக் கோப்பை! முணுமுணுக்காம காத்திருக்கற அணிக்கு வருஷா வருஷம் குடுப்போம். முதல் கோப்பை, மொத்தமே மூணு லெட்டர் மட்டும் எழுதி நம்மள அன்போட விசாரிச்ச 'ரெண்டு மேப்ரி' அணிக்கு!"

ரோஸ்கோ என் முதுகில் கை வைத்தார். தள்ளவும் இல்லை, இழுக்கவும் இல்லை. நான் மேடையேறினேன். கோப்பை கனமாக இருந்தது.

"இன்னொரு நல்ல செய்தி" என்றார் பிளெவின்ஸ். "இவரோட நீலக் கவரு விஷயத்த கமிட்டிக்கு அனுப்பியிருக்கோம். தாமத அறிக்கை எழுதற அதே கமிட்டிதான், அனுபவம் உள்ளவங்க. அடுத்த வருஷமும் இவரு வந்து நாலு பெட்டி குடுத்து, கடைசி வரைக்கும் இருந்தாருன்னா, கவரத் திறக்கலாமான்னு அன்னிக்கு யோசிப்போம்."

கை தட்டினார்கள்.

"கோப்பையோட அடியில ஒரு வாசகம் பொறிச்சிருக்கோம். டெலியா மேப்ரி தன்னோட கடைசி நிமிஷத்துல, இதே மைதானத்துல சொன்ன வார்த்தை." கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "'நேர்மையான தீர்ப்புக்காக எவ்வளவு நேரமானாலும் மகிழ்ச்சியோடு காத்திருப்பேன்.'"

எல்லோரும் எழுந்து நின்றார்கள். தொப்பிகளைக் கழற்றி நெஞ்சில் வைத்தார்கள். ஒரு பெண் மூக்கைத் துடைத்தாள்.

"அவ அப்படிச் சொல்லல" என்றேன்.

மெதுவாகத்தான் சொன்னேன். மைக் பக்கத்தில் இருந்தது.

பிளெவின்ஸ் என்னைப் பார்த்தார். "சொல்லலியா?"

"இல்ல."

"கமிட்டி ஒருமனதா நிறைவேத்தின வாசகம் இது, மிஸ்டர் மேப்ரி."

"அந்த நேரத்துல அங்க நான் மட்டும்தான் இருந்தேன்."

அவர் ஒரு கணம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. பேரவைக்கு அதற்கும் ஒரு படிவம் இருந்தது.

"தப்பு இருந்தா திருத்தறதுக்குப் பேரவை என்னைக்கும் தயங்கினதில்ல" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். "பெவ், பொறிப்புத் திருத்தப் படிவம் எடும்மா. அவரு சொல்ற வார்த்தைய அப்படியே எழுது. ஒரு எழுத்து மாறக் கூடாது."

பெவ் பேனாவைத் திறந்தாள். பிளெவின்ஸ் மைக்கை என் வாயருகே பிடித்தார். நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

"தலைய வலிக்குது, கொஞ்சம் கண்ண மூடிக்கறேன். ரிசல்ட் வந்ததும் எழுப்பு."